மஞ்சள் நுனிப் பவளக்காளான்

1

இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கும் முறை மறுபடி வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, காப்பீட்டு அட்டையின் நகல், மகளின் பள்ளிச் சான்று என்று பதினோரு காகிதம் கேட்டுக் கடிதம் வந்தது. அவற்றைத் தேடி மேசை டிராயரைக் கவிழ்த்தபோது நான்காய் மடித்த ஒரு காலண்டர் தாள் விழுந்தது. சிவகாசியில் அச்சடித்த ஜவுளிக்கடைக் காலண்டர். என் மைத்துனன் வருடா வருடம் அனுப்புவான். பிரித்தேன். பின்பக்க வெள்ளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொடி படிந்திருந்தது. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். கிளை கிளையாகப் பிரிந்த செடியின் நிழல் போல இருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும். தொடவில்லை.

அது ஒரு காளான் உதிர்த்த வித்துத் தூள். அந்தக் காளானால் ஒரு மனிதர் செத்துப்போவார், கொன்றவன் நான் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருந்தேன். வருடம் ஒன்றாகிறது. யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

2

நான் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில் தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவன். அதற்கு முன்பு சென்னையில் ஓட்டல் வேலை. அதற்கும் முன்பு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடம், பூச்சட்டிக்கு மருந்து திணிக்கும் அறையில். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சொந்த ஊர் அச்சங்குளத்துக்குப் பக்கம்.

எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் காடு. நம் ஊர்க் கருவேலங்காடு போல இல்லை. தூண் தூணாக நிற்கும் வழுவழுப்பான மரங்கள், கீழே முழங்கால் அளவு சருகு. இந்த ஊர்க்காரர்கள் மழை பெய்து நாலைந்து நாளில் கூடையோடு அங்கே போய்விடுவார்கள். வீட்டுக்கு வேண்டிய அளவு காளான் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. எங்கள் கடையில் பாத்திரம் கழுவும் போலந்துக்காரப் பெண் முதல் வருடம் என்னைக் கூட்டிப்போய்ப் பவளக்காளானைக் காட்டினாள்.

குடை போல இருக்காது அது. நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை, கடைசியில் ஊசி ஊசியாக நுனி. முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பூச்சட்டி ஞாபகம்தான் வந்தது. பற்ற வைத்து அது பொங்கி எழும் நேரத்தில் யாரோ நிறுத்தி வைத்தது போலச் சருகுக்கு நடுவில் நின்றது. அவள் காட்டியதற்குத் தண்டு பருமன், வெள்ளை, காலிபிளவர் மாதிரி. நுனி மட்டும் திராட்சைச் சிவப்பு. கொண்டுவந்து மிளகு போட்டுத் தொக்கு வைத்தோம். நன்றாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

போன வருடம் அதே காட்டில், அதே மரங்களின் கீழ், அதே அளவில் பவளக்காளான் பார்த்தேன். கிளைகள் செம்மஞ்சள். நுனி எலுமிச்சை மஞ்சள். மகள் கயல் அன்றைக்கு அதிசயமாக என்னோடு வந்திருந்தாள். பதினேழு வயது. எங்களோடு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தாள்.

"அப்பா, நுனி மஞ்சளா இருக்கு. போன தடவை வேற மாதிரி இருந்துச்சு."

"கலர்தானேம்மா."

"போன்ல பார்த்தா ரெண்டு காளான் பேர் வருது. ஒண்ணு சாப்பிடக் கூடாதுங்குது."

"கலர் மாறுனா சரக்கு மாறிருமா?"

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பூச்சட்டி அறையில் சிவப்புக்கும் பச்சைக்கும் கூடு ஒன்று, திணிக்கும் அளவு ஒன்று, மேலே ஒட்டும் லேபிள்கூட ஒன்று. உள்ளே கலருக்குச் சேர்க்கும் உப்பு மட்டும் வேறு. பதினோரு வருடம் அதைப் பார்த்த கண், கலரை மேல்பூச்சு என்றுதான் எடுத்துக்கொண்டது. உருவம் ஒன்று என்றால் பொருளும் ஒன்று. கூடை நிறையப் பறித்தேன். கயல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

கம்பெனியிலிருந்து இன்னொரு பழக்கமும் என்னோடு வந்திருந்தது. ஒவ்வொரு கலவையிலும் ஒரு உருப்படியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, எந்த அறை, எந்த வேளை என்று எழுதி வைத்துவிட வேண்டும். சாயங்காலம் போர்மன் அதைக் கொளுத்திப் பார்ப்பார். காட்டில் எதைப் பறித்தாலும் ஒன்றை வேர்மண்ணோடு தோண்டி, பழைய காலண்டர் தாளில் சுற்றி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பேன். "ஊருல மண்ணைக் கொண்டாந்து ஃபிரிட்ஜ்ல வைக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்று என் மனைவி செல்லத்தாய் ஒவ்வொரு முறையும் சொல்வாள். அன்றைக்கும் சொன்னாள். அன்றைக்கும் வைத்தேன்.

3

பறித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சீனி முதன்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

சீனிவாசன் எங்கள் கடைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முப்பத்து நாலு வயது. முதல் நாள் என் ஊரைக் கேட்டதும் "யார் மகன்?" என்றார். மாடசாமி மகன் என்றேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. சீனியின் குடும்பத்துத் தோட்டத்தில்தான் என் அய்யா வேலை பார்த்தார். பருத்தி, மிளகாய், எல்லாம் அவர்களுடையது. எனக்குப் பத்து வயதாகும்போது அய்யா அந்த வேலையை விட்டார். கேட்டால் விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லாமல், ஒரு விடியற்காலையில் பட்டாசுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அப்போது சீனி பிறக்கவே இல்லை. ஆனாலும் அவர் கை நின்ற அந்த அரை நிமிடத்தில் இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. மறுநாள் என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார். என்னால் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. இந்தாங்க, அங்கன வைங்க என்று ஒப்பேற்றினேன்.

வீட்டுக்குக் கூப்பிடலாமா என்று செல்லத்தாயிடம் கேட்டிருந்தேன். "அவுக வீட்டுல நாம கொல்லை வாசலைத் தாண்டுனதில்ல. இங்கன வந்து உக்காரச் சொன்னா உக்காருவாகளா?" என்றாள். கடைசியில் அவரே கேட்டார். "ஞாயித்துக்கிழம ஒங்க வீட்டுல என்னண்ணே கொழம்பு?" காளான் என்றேன். அதைச் சொன்னபோது எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஒரு மணிக்கு இலை மாதிரி ஒரு பெரிய தட்டை அவர் முன் வைத்தோம். விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவது. எங்கள் மூன்று தட்டும் சமையல் மேடையில் கவிழ்ந்தே இருந்தன.

இரண்டாவது கவளத்தில் சீனி நிமிர்ந்தார். "மயினி, வெந்தயம் போட்டீகளா? லேசாக் கசக்குது."

"வெந்தயமா? இல்லையே."

"மிளகுக் கசப்பா இருக்கும். நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்க."

நான் முன்பு தின்ற காளான் கசக்கவில்லை. அந்த நினைப்பு வந்தது. வந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என் வீட்டில் உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அந்த நேரத்தில் கையைத் தட்டிவிட எனக்குத் தைரியம் இல்லை. செல்லத்தாய் இன்னொரு கரண்டி தொக்கு வைத்தாள். அவர் சாப்பிட்டு எழுந்ததும் ஊர்க்கதை ஆரம்பமாகி, நாங்கள் சாப்பிடுவது தள்ளிக்கொண்டே போனது.

இரண்டரை மணிக்குச் சீனி பேச்சை நிறுத்தினார். நெற்றியில் வேர்வை. எழுந்து குளியலறைக்குப் போனார். உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம் நிற்கவே இல்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்து நின்று "அண்ணே, வயித்துக்குள்ள முறுக்குது" என்றார். திரும்பவும் உள்ளே ஓடினார்.

கயல்தான் ஆம்புலன்சுக்குப் பேசினாள். எனக்கு இந்த மொழியில் தோசை விற்க வரும், உயிரைப் பற்றிப் பேச வராது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள். "வேற யாரெல்லாம் சாப்பிட்டீங்கன்னு கேக்குறாங்கப்பா."

சமையல் மேடையைப் பார்த்தேன். மூன்று தட்டும் கவிழ்ந்தபடி.

4

இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

மழைக்குப் பின் வரப்போரம் காளான் முளைத்தால் எங்கள் ஆட்கள்தான் பறிப்பார்கள். ஆனால் வரப்பு சீனி வீட்டாருடையது. கூடையைக் கொல்லை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதியை எடுத்துக்கொண்டு பாதியைக் கொடுப்பார்கள். எடுத்த பாதியை அன்றைக்குச் சமைக்க மாட்டார்கள். ஈரத்துணியில் மூடி வைப்பார்கள். நாங்கள் அன்றைக்கே தின்போம். மறுநாள் காலையில் அய்யா வேலைக்கு வந்து நின்றால் அது நல்ல காளான். அதன் பிறகுதான் அந்த வீட்டில் உலை வைப்பார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இப்போது அந்த வீட்டுப் பையன் என் வீட்டில் முதலில் தின்றிருக்கிறார். நாங்கள் தின்னவில்லை. அவர் பிழைக்காவிட்டால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகக் கேட்டது. காத்திருந்து செய்தான் என்பார்கள். அவருடைய அம்மா அப்படித்தான் நினைப்பார். நான் என்ன சொன்னாலும், எத்தனை காகிதம் காட்டினாலும், கவிழ்ந்த தட்டுக்குப் பதில் இல்லை.

அடுப்படிக்குப் போனேன். சட்டியைத் திறந்து கரண்டியால் இரண்டு வாய், பிறகு கையாலேயே ஒரு வாய் தின்றேன். கசந்தது. நன்றாகவே கசந்தது.

"என்ன பண்றீங்க?" செல்லத்தாய் என் கையைத் தட்டினாள். கரண்டி தரையில் விழுந்தது.

"இப்ப நானும் தின்னாச்சுன்னு சொல்லச் சொல்லு" என்றேன்.

கயல் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பிறகு போனில் இந்த நாட்டு மொழியில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். எனக்கு அது புரிந்தது. "இரண்டு பேர். ஒருவர் ஒரு மணிக்கு. ஒருவர் இப்போதுதான்."

5

ஆஸ்பத்திரியில் சீனியை உள்ளே கொண்டுபோனதும் என் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, காப்பீட்டு எண், ஒவ்வாமை. அதன் கீழே, நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு? நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயல் வாங்கி "நண்பர்" என்று எழுதினாள். அவளுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மருத்துவர் ஒரு பெண். என்னைத் திட்டினார் என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது. "அவருக்கு முடியாமல் ஆன பிறகுமா சாப்பிட்டீர்கள்? ஏன்?" என்று கேட்கிறார் என்றாள் கயல். பசி என்று சொல்லச் சொன்னேன்.

அடுத்த அரை மணியில் எனக்கும் வயிறு புரட்டத் தொடங்கியது. சீனிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து ஊசி குத்தினார்கள்.

இந்த ஊரில் காளானைப் பார்த்துச் சொல்லவென்றே சிலர் இருக்கிறார்கள். யார் கூடையைக் கொண்டுபோய்க் காட்டினாலும் பார்த்துச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டாலும் வருவார்கள். அன்றைக்கு வந்தது தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. சைக்கிளில் வந்திருந்தார், காலில் சேறு. நாங்கள் கூடவே கொண்டுவந்திருந்த மிச்சத் தொக்கு டப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெந்ததை வைத்து என்ன சொல்வது? அப்போது கயல் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தாள். என் சாம்பிள். மண்ணோடு.

அவர் முகம் மாறியது. தாளைப் படுக்கை மேசையில் விரித்தார். நான் முக்கியம் என்று நினைத்திருந்த உருவத்தையும், முக்கியமில்லை என்று தள்ளிய நிறத்தையும் அவர் அவசரமாகப் பார்க்கவில்லை. முதலில் மண்ணைக் கிளறி ஒட்டியிருந்த சருகை எடுத்து, எந்த மரத்தின் கீழ் என்று கேட்டார். மரத்துண்டில் முளைத்ததா, தரையிலிருந்தா என்று கேட்டார். ஒரு கிளையை வளைத்தார். சட்டென்று ஒடிந்தது. வளைந்தால் அது வேறு வகையாம், மரத்தில் முளைக்கும் ரப்பர் போன்ற மஞ்சள் காளான். தண்டை நீளவாக்கில் அறுத்து, விரலால் நசுக்கி, காத்திருந்தார். நசுக்கிய இடம் பழுப்பானது. ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்து உடனே துப்பினார். கடைசியில்தான் நுனியைப் பார்த்தார். எலுமிச்சை மஞ்சள்.

"நல்லதற்கு நுனி திராட்சைச் சிவப்பு. இதற்கு மஞ்சள். நாளானால் இரண்டும் வெளுத்து ஒரே நிறமாகிவிடும், அப்போது எனக்கே கஷ்டம். நீங்கள் புதிதாகச் சுற்றி வைத்தது நல்லதாயிற்று" என்றார். கயல் எனக்காகத் தமிழில் சொன்னாள். இந்தக் காளானின் பெயருக்கே அழகானது என்றுதான் அர்த்தமாம். வயிற்றைப் புரட்டிப் போடும், பேதியாகும், பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகும்.

நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

"கூடையில் வேறு எதுவும் இருந்ததா? ஒரு சின்ன வெள்ளைக் குடைகூட?"

இல்லை என்றேன். கயலைப் பார்த்தேன். "தெரியலப்பா. நான் முன்னாடி நடந்துட்டேன்" என்றாள்.

சீக்கிரம் படுத்துகிற காளான் பயமில்லை, மெதுவாக வருகிறதுதான் ஆளைக் கொல்லும் என்றார் அந்தப் பெண்மணி. இன்றைக்கு வந்த வயிற்றுவலிக்குப் பின்னால் அப்படி ஒன்று ஒளிந்திருந்தால் நாளை மதியம்தான் தெரியும். ரத்தத்தில் ஈரல் எப்படி இருக்கிறது என்று காலையிலும் பகலிலும் பார்க்க வேண்டும். அவர் தொக்கைத் தட்டில் பரப்பி, லென்சை வைத்துக்கொண்டு குடைக்காளானின் குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் தகடு ஒரு துணுக்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். போகும்போது மிச்சக் கிளை ஒன்றைக் காலண்டரின் வெள்ளைப் பக்கத்தில் படுக்கவைத்து, தண்ணீர் தம்ளரால் மூடி, யாரும் தொடக்கூடாது என்று நர்ஸிடம் சொன்னார். விடிவதற்குள் காளானிலிருந்து வெள்ளை வித்துத் தூள் விழுந்தால் அவர் நினைத்தது தப்பு. காவி மஞ்சள் விழுந்தால் சரி.

அன்று நான் என் வயிற்றைக் கவனிக்கவில்லை. சீனியின் முகத்தையும் அந்தத் தம்ளரையும்தான் மாறி மாறிப் பார்த்தேன்.

சீனி ஒருமுறை கண்ணைத் திறந்தார். "நீங்க எப்பண்ணே தின்னீக? நான் எந்திரிக்கிற வரைக்கும் நீங்க கையே நனைக்கலையே."

"பிறகு தின்னேன்."

"எப்ப?"

"நீங்க கக்கூஸ்ல இருக்கப்ப."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு ஓங்கரிப்பாகி, நர்ஸ் ஓடிவந்தாள்.

6

திங்கள் காலை தம்ளரைத் தூக்கினார்கள். காவி மஞ்சள். முதல் ரத்தப் பரிசோதனையும் சரி. மதியத்தது இன்னும் பாக்கி. அந்த இடைவெளியில்தான் சீனியின் போன் அடித்தது. வீடியோ. அவருடைய அம்மா.

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் எடுத்துவிட்டார்.

"ஏலே, என்னலே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு?"

"வயித்தால போச்சும்மா. காளான் ஒத்துக்கிடல."

"எங்கன தின்ன?"

சீனி என்னைப் பார்த்தார். கடையில் என்று சொல்லச் சொல்லி நான் உதட்டை அசைத்தேன். அவருக்கு அது புரிந்தது, எனக்குத் தெரியும்.

"அண்ணன் வீட்டுல" என்றார். "சொல்லிருக்கேன்ல, மாடசாமி மகன்."

அவருடைய அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு அந்தக் குரல் கேட்டது. "அவன் தின்னானா?"

சீனி போனை என் பக்கம் திருப்பினார். ஊசி குத்திய கையும், மூன்றுநாள் தாடியும், ஆஸ்பத்திரி அங்கியுமாக நான் அந்த அம்மாவுக்கு முன்னால் கிடந்தேன். சிறுவனாக நான் பார்த்தபோது அவர் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மருமகள். இப்போது முடி முழுக்க வெள்ளை. எழுந்து உட்காரப் பார்த்தேன், முடியவில்லை.

"படு" என்றார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"உங்கய்யா கடைசியா ஒரு கூடை காளான் கொண்டாந்தான், ஒனக்கு ஞாபகம் இருக்கா? மறுநாள் வேலைக்கு வரல. எங்க மாமியா எல்லாத்தையும் எருக்குழில கொட்டச் சொல்லிட்டாக. நாந்தான் கொட்டுனேன். ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாரேன்னேன். அங்கனெல்லாம் போகக் கூடாதுன்னுட்டாக. மூணாம் நாள்தான் யாரோ சொன்னாக, மாடசாமி கம்பெனி பஸ்ல போறான்னு. அது வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. ஒரு வீட்டுல அம்புட்டுப் பேரும் செத்துக் கெடக்காகன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அந்தக் காளான் ஞாபகம் இருந்தது. நாங்கள் எல்லோரும் சட்டியை வழித்துத் தின்றது, விடியற்காலையில் அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனது, எல்லாம்.

"அது நல்ல காளான்தாம்மா" என்றேன்.

"நல்ல காளானா?"

"ஆமா. நல்லா இருந்துச்சு."

அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அம்புட்டையும் கொட்டுனேனே" என்றார்.

நர்ஸ் மதிய ரத்தத்துக்கு வந்து நின்றாள். சீனி ஒரு கையில் போனைப் பிடித்தபடியே மறுகையை நீட்டினார். அந்தப் பக்கம் அவர் அம்மா போனை வைக்கவில்லை. ரத்த முடிவு வருகிற வரைக்கும் அங்கேயே இருக்கிறேன் என்றார். எங்கள் இரண்டு கட்டிலும் தெரிகிற மாதிரி போனை வைக்கச் சொன்னார். அந்தக் காலண்டர் தாளின் பக்கத்தில், தம்ளரில் சாய்த்து வைத்தோம்.